தடிமன் வரும் என்று சொன்ன பழம்

போன டிசம்பரில் எட்டு வயதுப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு டோர்ட்முண்ட் நத்தார் சந்தைக்குப் போனேன். ஹான்சா சதுக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு மரங்களை அடுக்கிக் கட்டிய பெரிய நத்தார் மரம் நிற்கும் இடம். ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு அந்தச் சந்தையின் வாசம் தெரியும். வறுத்த பாதாம், கறுவா போட்ட சூடான வைன், பொரித்த காளான். அதற்கிடையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் குச்சியில் குத்தி வரிசையாக நிற்கும் சொக்லேட் பழங்கள். ஸ்ட்ரோபெரி, முந்திரிகைப்பழம், வாழைப்பழம். மேலே வெள்ளைச் சொக்லேட்டில் கோடு போட்டிருக்கும்.

“வேணுமோ, பிள்ளை?” என்று கேட்டேன். பேத்தி தலையை ஆட்டினாள். “வேண்டாம் அம்மம்மா. அதைச் சாப்பிட்டா தடிமன் வருமாம். அம்மா சொன்னவா.”

எனக்கு அப்படியே கால் நின்றுவிட்டது. அவளுடைய அம்மாவுக்கு அதைச் சொன்னது நான்.

1997. என் மகளுக்கு அப்போது ஏழு வயது. இதே சதுக்கம், இதே மாதிரி ஒரு கடை. ஒரு குச்சி மூன்று மார்க் இருக்கும். மூன்று மார்க் இல்லாத வீடல்ல எங்கள் வீடு. ஆனால் 1995 இடப்பெயர்வோடு என் தாயும் தம்பி குடும்பமும் வலிகாமத்தை விட்டு வன்னிக்குப் போயிருந்தார்கள். இவர் ஒரு உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவினார். மாதம் முடிய உண்டியல்காரரிடம் கொடுக்கிற காசு கொடுத்தே ஆகவேண்டும். அதனால் ஒவ்வொரு மார்க்கும் எனக்குக் கணக்கு. அதை ஏழு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? “தடிமன் வரும், வா” என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அழவில்லை. நம்பிவிட்டாள். அந்தப் பொய்தான் இப்போது என் பேத்தியின் வாயிலிருந்து வந்தது.

அன்று பேத்திக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பிறகு, “வாற சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, வீட்டிலை செய்வம்” என்றேன்.

செய்வது சுலபம். சுலபம் என்று சொல்லுகிற வீடியோக்களில் இரண்டு விசயம் மட்டும் விட்டுப்போகும். ஒன்று தண்ணீர், மற்றது சூடு.

முதலில் தண்ணீர். உருகிய சொக்லேட்டுக்குள் ஒரு சொட்டு விழுந்தாலும் அது மணல் மாதிரித் திரண்டுபோகும். பாத்திரம், கரண்டி, பழம், கை எல்லாம் காய்ந்திருக்கவேண்டும். ஸ்ட்ரோபெரியைக் கழுவி, இலையோடு துணியில் பரப்பி, ஒவ்வொன்றாகத் துடைக்கவேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் தோய்த்தால் பழத்தின் மேல் பனி பிடித்து, அதுவும் தண்ணீர்தான். ஒரு மணித்தியாலம் வெளியில் வையுங்கள்.

இரண்டாவது சூடு. கடையில் இரண்டு விதம் இருக்கிறது. ஒன்று கேக்குக்கு மேல் ஊற்றும் ‘குகன்கிளாசூர்’. அதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருப்பதால் உருக்கியவுடன் தோய்க்கலாம், தானாக இறுகும். ருசியோ மெழுகு மாதிரி. மற்றது ‘குவெர்டூரே’, உண்மையான கொக்கோ வெண்ணெய் சேர்ந்தது. இருநூறு கிராம் கட்டியாகக் கிடைக்கும். நான் கறுப்புக் குவெர்டூரேதான் வாங்குவேன். ஆனால் அதைச் சும்மா உருக்கித் தோய்த்தால் இறுக நேரமெடுக்கும், இறுகினாலும் சாம்பல் பூத்தமாதிரி வெள்ளை வெள்ளையாக வரும். கெட்டுப்போனது அல்ல, கொழுப்பு பிரிந்து மேலே வருவது. சாப்பிடலாம், பார்க்கத்தான் அழகில்லை.

அதற்குக் கைவேலை இதுதான். கட்டியைச் சிறிதாக வெட்டி, மூன்றில் இரண்டு பங்கை ஒரு பாத்திரத்தில் போட்டு, கொதிக்காத சுடுதண்ணீர்ச் சட்டியின் மேல் வையுங்கள். பாத்திரத்தின் அடி தண்ணீரில் முட்டக்கூடாது. 45 பாகை வந்ததும் இறக்கி, பாத்திரத்தின் அடியைத் துடையுங்கள் (அந்த ஆவித் தண்ணீர்தான் பலருக்கு எதிரி). மிச்ச ஒரு பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிண்டி 31, 32 பாகைக்குக் கொண்டுவாருங்கள். பால் சொக்லேட் என்றால் ஒன்றிரண்டு பாகை குறைய. உருகாத கட்டியில் இருக்கும் கொழுப்பு மற்றதற்கும் ஒழுங்காக இறுகக் கற்றுக்கொடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்களேன். வெப்பமானி இல்லாவிட்டால் கீழ் உதட்டுக்குக் கீழே ஒரு துளி தொட்டுப் பாருங்கள். சுடக்கூடாது, மெல்லிய குளிர்ச்சி தெரியவேண்டும். கத்தி நுனியைத் தோய்த்து வைத்தால் ஐந்து நிமிடத்தில் மினுக்கத்தோடு இறுகவேண்டும்.

இவ்வளவுக்கும் பொறுமை இல்லையென்றால் நூறு கிராமுக்கு ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விடுங்கள். மெல்லியதாக ஒட்டும். ஆனால் தேங்காயெண்ணெய் 24 பாகைக்கே இளகுகிற சாமான். ஹீட்டர் போட்ட அறையில் கையில் பிசுபிசுக்கும், குளிர்பெட்டியில் வைத்துத்தான் சாப்பிடவேண்டும்.

எந்தப் பழம் என்பதிலும் ஏமாறாதீர்கள். அன்னாசியும் வத்தகப்பழமும் வேண்டாம், சாறு விட்டுக்கொண்டே இருக்கும். வாழைப்பழத்தைத் துண்டாக வெட்டிக் குச்சியில் குத்தி ஒரு மணித்தியாலம் உறைய வைத்தால், தோய்த்தவுடன் சொக்லேட் இறுகிவிடும். மண்டரின் தோடம்பழச் சுளையைத் தோல் கிழியாமல் பிரித்து, இரண்டு மூன்று மணித்தியாலம் காயவிட்டுத் தோய்த்தால் எனக்கு அதுதான் முதலிடம். உள்ளே புளிப்பு, வெளியே கசப்பு. ஸ்ட்ரோபெரி ஆசையாக இருந்தாலும், இங்கே அதன் காலம் மே, யூன்தான். டிசம்பரில் வருவது பார்க்கச் சிவப்பு, வாயில் தண்ணீர். சின்னப் பிள்ளைகளுக்கு முந்திரிகைப்பழம் முழுதாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். நீளமாக இரண்டாக வெட்டிக் கொடுங்கள்.

எங்கள் சாமானில் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. பனாட்டு. தமிழ்க் கடையில் கிடைத்தால் விரல் நீளத்துக்கு வெட்டி, பாதிவரை கறுப்புச் சொக்லேட்டில் தோய்த்து, வறுத்த எள்ளு தூவிப் பாருங்கள். பனம்பழத்தின் அந்த மெல்லிய கசப்பு சொக்லேட்டோடு போய்ச் சேரும் விதம்! தண்ணீர்ப் பயமும் இல்லை. காய்ந்த மாம்பழமும் அப்படித்தான். புதுக் கறுத்தக்கொழும்பானை மட்டும் தயவுசெய்து சொக்லேட்டுக்குள் போடாதீர்கள். அது பாவம்.

சனிக்கிழமை வந்தார்கள். பேத்தி வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு ஜெர்மன் மொழியில் பாகை சொல்லிக்கொண்டிருந்தாள். “தமிழிலை சொல்லு” என்றேன். “நாப்பத்தி... அஞ்சு!” மகள் மண்டரின் சுளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கிண்டிக்கொண்டே சொன்னேன், முகத்தைப் பார்க்காமல். கிண்டும்போது சொல்வது லேசு.

“பிள்ளை, சொக்லேட் பழம் சாப்பிட்டா தடிமன் வராது. அண்டைக்கு நான் பொய் சொன்னனான். அம்மம்மாவுக்குக் காசு அனுப்ப இருந்தது.”

அவள் துடைக்கிறதை நிறுத்தவில்லை. கொஞ்சநேரம் கழித்து, “எவ்வளவு அனுப்பினனீங்கள்?” என்று கேட்டாள். சொன்னேன். அப்பாவின் சம்பளத்தையும் கேட்டாள். அதையும் சொன்னேன். மனதுக்குள் கழித்துப் பார்த்திருக்கவேண்டும். “அப்ப வாடகை?” என்றாள்.

அன்று பின்னேரம் முழுக்க வன்னியைப் பற்றிக் கதைத்தோம். அவளுடைய அம்மம்மா எந்த ஊரில் எந்த வீட்டுத் திண்ணையில் இருந்தா, கடிதம் வர எத்தனை மாதம், யார் கையில் காசு போய்ச் சேர்ந்தது. இருபத்தெட்டு வருடமாக நான் சொல்லாததும் அவள் கேட்காததும். கதையில் சூட்டைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். கடைசித் தட்டில் இருந்தவை எல்லாம் சாம்பல் பூத்து வந்தன. மகள் அந்தத் தட்டைத்தான் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

மிச்சமாகும் சொக்லேட்டை எறியாதீர்கள். வறுத்த கச்சானைக் கொட்டிக் கிண்டி, சிறு குவியலாக விட்டால் இறுகிவிடும். பழத்தை அன்றோ மறுநாளோ சாப்பிட்டு முடிக்கவேண்டும், அதற்கு மேல் உள்ளே சாறு கசியும்.

மறுநாள் ஞாயிறு காலை மகள் போன் எடுத்தாள். பேத்திக்கு மூக்கு ஒழுகுகிறதாம். “என்ன அம்மா இது?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவளுடைய வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமையே தடிமனாம்.