மாணவர் மொழியறிவும் கல்வி வாய்ப்பும்

பன்மொழி வழங்கும் நாட்டில் ஒருவன் எத்தனை மொழி அறிவான் என்பது ஒரு வினா. அவற்றுள் எது அவனுக்கு வாழ்வளிக்கும் என்பது மற்றொரு வினா. முன்னதற்கு அயலும் தொழிலும் விடை கூறும். பின்னதற்கு விடை கூறுவன பாடசாலையும் குடும்பத்தின் பொருள்நிலையுமே.

பிரித்தானியர் ஆட்சியில் இலங்கைப் பாடசாலைகள் பெரும்பாலும் இருவகைப்பட்டன. கட்டணம் பெறும் ஆங்கிலப் பாடசாலைகள் நகரங்களிற் சிறந்தன. சுயமொழிப் பாடசாலைகள் கிராமங்களுக்கு உரியனவாயின. ஆங்கிலம் கற்றார்க்கே உயர் உத்தியோகம் கிட்டிற்று. ஆகவே மொழி அறிவுக்கருவி மட்டுமன்றி வர்க்க வேலியுமாயிற்று.

இவ்வேலியைத் தகர்க்க முனைந்தது, சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையில் அமைந்து 1943இல் அறிக்கை தந்த கல்விக் குழு. 1945இல் இலவசக் கல்வி வந்தது. தாய்மொழி மூலக் கல்வியும் படிப்படியாக உயர்வகுப்புகளை எட்டிற்று. கிராமத்துப் பிள்ளையும் பல்கலைக்கழகம் புக வழி பிறந்தது. இப்பேறு சிறிதன்று.

ஆயினும், மொழிமூலத்தால் தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் வெவ்வேறு வகுப்பறைகளிற் பிரிந்தனர். 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் அப்பிரிவினை ஆழப்படுத்திற்று. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றும், ஆங்கிலம் இணைப்பு மொழி என்றும் விதித்தது. ஆங்கிலத்தின் மதிப்போ என்றும் குன்றவில்லை. அதனை அடையும் வாயில்களே மாறின. தனியார் வகுப்புகளும் கட்டணம் பெறும் சர்வதேசப் பாடசாலைகளும் இன்று அவ்வாயில்களாக விளங்குகின்றன. சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், எனக் குறிப்பதுண்டு. எனவே இஃது ஓர் இனத்தாரின் குறை மட்டுமன்று.

கிளிவெட்டியை நோக்குவோம். இத்தமிழ்க் கிராமத்திற்கு அயலில் மூதூர் முஸ்லிம் மக்கள் தமிழே பேசுகின்றனர். சேருவிலைப் பகுதியிலோ சிங்களக் குடியேற்றங்கள் உள. வயலிலும் சந்தையிலும் பழகும் உழவர் வீட்டுப் பிள்ளை பேச்சுச் சிங்களத்தை எளிதில் உணர்ந்துகொள்ளும். ஆனால் பரீட்சை வேண்டுவது எழுத்து மொழியை. எனவே அப்பிள்ளையின் அறிவு சான்றிதழில் இடம் பெறுவதில்லை. பொருள் கொடுத்துக் கற்ற நகரத்துப் பிள்ளையின் ஆங்கிலமோ தகைமை எனப் போற்றப்படுகின்றது. இருவரும் இருமொழியாளரே; ஒருவர் மொழிக்கே விலையுண்டு.

இக்குறை தீர, தாய்மொழிக் கல்வியைக் கைவிடுதல் வேண்டா. அதன்மீது நின்றே பிற மொழிகளைக் கற்பித்தல் வேண்டும். பிள்ளை தெருவிற் பெற்ற மொழியை ஆசிரியர் இகழாது ஏற்று, அதனை எழுத்துக்கு உயர்த்துவாராக. நல்லாசிரியரும் நூல்களும் கிராமப் பாடசாலையை அடைதல் வேண்டும். அன்றேல், கட்டணம் நீங்கிய பின்னும் வேலி நீங்காது.