விட்டு வந்த வண்டி

பாலைவனத்தில் மோட்டார் வண்டி பழுதானால், அதை விட்டுவிட்டு உயிரோடு திரும்புவதே விவேகம் என்போம். விட்டு வந்த வண்டியைத் தேடி அதே பாலைவனத்துக்கு மறுபடியும் சென்ற இரு சிநேகிதர்களின் கதை இது.

ஹாரி டட்டன் பெருநிலக்காரரின் புதல்வர். மர்ரே ஆங்கர் யந்திர வேலையில் வல்லவர். ஆஸ்திரேலியாவின் தென்கரையிலுள்ள அடிலெய்டு நகரிலிருந்து 1907 நவம்பரில் இருவரும் ஒரு டால்பட் வண்டியில் புறப்பட்டார்கள். வடகரையிலுள்ள டார்வின் துறைமுகம் சுமார் 2,000 மைல் தொலைவு. சாலை என்று சொல்லத்தக்கது இல்லை; 1872-ல் பூர்த்தியான தந்திப் பாதையே வழித்துணை. டென்னண்ட் கிரீக்குக்குத் தெற்கே வண்டி பழுதாகி நின்றது. மழைக்காலமோ நெருங்கிவிட்டது. வண்டியை அங்கேயே விட்டுக் குதிரையேறித் திரும்பினார்கள்.

அத்துடன் ஓய்ந்தார்களா? 1908 ஜூன் 30-ல், முன்னதினும் வலிய வேறொரு டால்பட்டில் மீண்டும் கிளம்பினார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் எர்னஸ்ட் ஆல்சர்ச் என்னும் தந்தி உத்தியோகஸ்தர் சேர்ந்துகொண்டார். பழைய வண்டி, விட்ட இடத்திலேயே காத்திருந்தது! அதைச் செப்பனிட்டு ஓட்டினார்கள். இரு வண்டிகளும் வடக்கே சென்றன. ஆகஸ்டு 20-ல் சிநேகிதர்கள் டார்வினை அடைந்தார்கள். அக்கண்டத்தைத் தெற்கு வடக்காக மோட்டாரில் முதன்முதல் கடந்தவர்கள் இவர்களே.

மோட்டாரில்தான் முதல்வர்கள்! அந்நிலத்தின் பழங்குடிகள் பல்லாயிரம் ஆண்டுகளாக ஒவ்வொரு நீரூற்றும் அறிந்து நடந்த பூமி அது.

இன்று அடிலெய்டிலிருந்து டார்வின் வரை தார்ச் சாலை உண்டு. சிநேகிதர்கள் சில தினங்களில் சுகமாகப் போய்ச் சேரலாம். ஆனால் தோற்றுத் திரும்பிய இடத்துக்கே மறுபடியும் போகும் மனோதிடத்தைச் சாலை தந்துவிடாது.