செயற்கைக் கோளும் செங்கத்து வயலும்

சில மாதங்களுக்கு முன் செங்கம் வட்டாரத்துச் சங்கம் ஒன்றில் கணக்குத் தணிக்கைக்காக நாம் தங்கியிருந்தபோது, வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் அருகில் வந்தமர்ந்தார். நெல்லும் மணிலாவும் பயிரிடுபவர்; மகன் தறி நெய்கிறார். "இன்ஸ்பெக்டர் ஐயா, மழை பொய்த்து விதைக்கவில்லை என்று நான் எழுதிக் கொடுத்தால் நம்புவாரில்லை. மேலே போகிற செயற்கைக் கோள் சொன்னால் நம்புகிறார்களாம். அது பார்த்தது எங்கள் ஊர் வயல்தான் என்பதற்கு யார் சாட்சி?" என்று கேட்டார்.

பட்டதாரி என்ற பெயர் நமக்கு உண்டே தவிர, அக்கேள்விக்கு உடனே விடை கூற இயலவில்லை. "விசாரித்துச் சொல்கிறோம்" என்று கூறிப் பேரேட்டில் தலையைப் புதைத்துக்கொண்டோம். பின்னர் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகிறோம்.

பெரியவர் கூறியது வெறும் செவிவழிச் செய்தியன்று. 2016-17ஆம் ஆண்டு வறட்சியின்போது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் ராடார் கோள்கள் எடுத்த படங்களைக் கொண்டு, நெல் விதைக்க இயலாது போன கிராமங்களைக் கண்டறிந்தனர். பயிர்க் காப்பீட்டு இழப்பீட்டுக்கு அவ்விவரம் பயன்பட்டது. ஆகவே கோள் எங்கே இருந்தது என்ற கணக்குப் பிசகினால் அங்கத்தினரின் மடியில் விழவேண்டிய பணமும் பிசகும்.

இத்தகைய கோள்களுள் அண்மையில் ஏவப்பட்ட ஒன்றை எடுத்துக்கொள்வோம். இந்தியாவின் இஸ்ரோவும் அமெரிக்காவின் நாஸாவும் கூடிச் செய்த 'நிசார்' என்னும் விஞ்ஞானக் கோள், 2025 ஜூலை 30ஆம் நாள் மாலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. இரண்டு நாட்டார் பங்கு போட்டுச் செய்த காரியம் என்பதனால், கூட்டுறவுத் துறையினராகிய நமக்கு அதன்மேல் தனிப்பட்ட பிரியம் உண்டு. 747 கிலோ மீட்டர் உயரத்தில், வட தென் துருவங்களின் அருகாகப் பூமியை ஏறத்தாழ 100 நிமிஷத்துக்கு ஒரு முறை அது சுற்றுகிறது. 12 மீட்டர் அகலமுள்ள வலைக்குடை போன்ற ஏரியலின் மூலம் ரேடியோ அலைகளைத் தரைக்கு அனுப்பி, திரும்பி வருவதைக் கொண்டு படம் எழுதுகிறது. இரவும் மேகமும் அதற்குத் தடையல்ல.

இக்கோளின் பாதை கதிரவனோடு இசைந்த பாதை எனப்படும். பூமி முழு உருண்டையன்று. நடுவில் சற்றுப் பருத்தது. நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் துருவத்தில் உள்ளதைவிட 21 கிலோ மீட்டர் அதிகம். அப்பருமனின் ஈர்ப்பு கோளின் பாதையையே நாளொன்றுக்குச் சுமார் ஒரு பாகை திருப்புகிறது. பாதையின் சாய்வை 98 பாகைக்குச் சற்று மேலாக வைத்துவிட்டால், அத்திருப்பம் பூமி ஆண்டு முழுவதும் சூரியனைச் சுற்றும் வேகத்தோடு சரியாக ஒத்துவிடும். அதனால் ஓர் ஊரின் மேல் கோள் எப்போது வந்தாலும், அவ்வூர்ச் சூரியக் கணக்கில் நேரம் மாறுவதில்லை. நிசாருக்கு அது ஏறக்குறைய காலை ஆறு அல்லது மாலை ஆறு. இந்தியாவின் தொலையுணர்வுக் கோளான ஐ.ஆர்.எஸ்-1ஏ 1988 மார்ச் 17இல் பைக்கனூரிலிருந்து ஏவப்பட்டபோது, அதற்குக் காலை பத்தரை மணியளவு அமைந்தது. வெளிச்சத்தைக் கொண்டு படம் எடுக்கும் கோளுக்கு இது பெரும் வசதி. நிழலின் நீளம் ஒத்திருந்தால்தான் போன மாதத்து ஏரியையும் இந்த மாதத்து ஏரியையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கோள் ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் பூமி 25 பாகை கிழக்கே உருண்டுவிடுகிறது. நெசவாளருக்கு இதை விளக்கத் தேவையில்லை: நாடா ஒரே தடத்தில் போய் வருகிறது, துணிதான் படமரத்தில் சுருண்டு நகர்கிறது. 12 நாளில் 173 சுற்று முடிந்ததும் பழைய இழையின் மேலேயே பாதை திரும்ப வந்து விழுகிறது. நிலநடுக்கோட்டின் சுற்றளவை 173ஆல் வகுத்தால் இழைக்கு இழை 232 கிலோ மீட்டர் இடைவெளி வரும். கோள் பார்க்கும் அகலமோ 240 கிலோ மீட்டருக்குச் சற்று மேல். துணியில் கண் விடாமல் இருக்கக் கரையோரம் சிறிது மடித்துப் போட்டதுபோல் அமைத்திருக்கிறார்கள். இக்கணக்கைப் போட்டவர் நல்ல நெசவாளராயிருக்கத் தகுந்தவர்.

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். கோளின் தடம் தரையின் மேல் ஒரு விநாடிக்கு ஆறரைக் கிலோ மீட்டருக்கு மேல் ஓடுகிறது. கடிகாரத்தில் ஒரு விநாடி தவறினால் ஓர் ஊரின் வயல் அடுத்த ஊரின் கணக்கில் ஏறிவிடும். ஆதலால்தான் கோளைத் தொடர்வது தனியொரு தொழிலாயிற்று. இதற்கு நம் ஜவ்வாது மலையிலேயே முன்னோடி உண்டென்பது பலர் அறியாதது. செங்கத்துக்கு ஏறக்குறைய நேர் வடக்கே, நேர்க்கோட்டில் அளந்தால் 30 கிலோ மீட்டர் தொலைவில் உள்ள காவலூரை விண்மீன் ஆராயும் இடமாகவே அறிவோம். அங்கே 1970களில் சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் ஒத்துழைப்போடு கோள்களைத் தொடரும் நிலையம் ஒன்றும் இஸ்ரோவால் அமைக்கப்பட்டது. காமிராவில் விண்மீன்களின் நடுவே கோளைப் படம் பிடித்து, இடம் தெரிந்த மீன்களிலிருந்து அதன் திசையைக் கணிப்பது ஒரு முறை. லேசர் ஒளியை அனுப்பி, பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்து தூரம் காண்பது மற்றொன்று. நேர அளவில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு விநாடி பிசகினால் தூரத்தில் 150 மீட்டர் பிசகும்.

இன்று பெரும்பாலும் ரேடியோவே துணை. நமக்கு வடமேற்கே பெங்களூரிலுள்ள இஸ்ட்ராக் நிலையத்தார் லக்னோ, போர்ட் பிளேர், மொரீஷியஸ் முதலிய இடங்களிலுள்ள ஏரியல்களின் வழியாக இந்தியக் கோள்களைத் தொடர்கின்றனர். தலைக்கு நேராகக் கடக்கும் கோளும் அடிவானத்துக்கு அடிவானம் கால் மணி நேரமே தெரியும். நெருங்கும் ரயிலின் ஊதல் கூர்மையாகவும் விலகும்போது தணிந்தும் கேட்பதுபோல, கோளின் ரேடியோ ஒலியும் மாறுகிறது. அம்மாற்றமே வேகத்தைச் சொல்லிவிடும். கோளிலேயே இருப்பிடம் காட்டும் கருவியும் இப்போது உண்டு. அவ்வளவு உயரத்திலும் மெல்லிய காற்று இழுத்துக் கோளைத் தாழ்த்துவதால், அவ்வப்போது சிறு உந்துதல் கொடுத்துப் பழைய தடத்துக்கே கொண்டு வருகிறார்கள்.

அடுத்த முறை சென்றபோது பெரியவரிடம் இவ்வளவும் கூறினோம். கோள் இருந்த இடத்துக்குச் சாட்சி உண்டு, ஒருவரல்லர், பலர். ஆனால் ஒன்றை மறைக்கவில்லை. நிசார் தரும் பயிர்ப் பரப்பு விவரம் ஒரு ஹெக்டேர் அளவை ஒட்டியது. அதாவது இரண்டரை ஏக்கர். ஊருக்கும் பிர்க்காவுக்கும் அது போதும். ஒன்றேகால் ஏக்கர்க்காரரின் வரப்பை அது பிரித்துக் காட்டுமென்று நம்பி, அடங்கலில் பயிரைப் பதியாமல் இருப்பது தவறு. சங்கத்தில் கடன் பெற்றவர்களிலும் பலர் இப்பதிவில் அசட்டையாக இருப்பதைத் தணிக்கையில் நாமே கண்டிருக்கிறோம்.

அவர் சற்று நேரம் யோசித்தார். "காலை ஆறு மணி என்றால், நான் மோட்டார் போடப் போகும் நேரம்" என்றார். பிறகு, கிராம நிர்வாக அலுவலர் எந்தக் கிழமையில் ஊருக்கு வருவார் என்று சங்கக் காரியதரிசியை விசாரிக்கத் தொடங்கினார்.