கஞ்சிக்கு இங்கிலீஷ் என்ன?

சென்ற மாதம் ஒரு நாள் காலையில் என் தமக்கையின் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் அவளுடைய பேத்தி சப்பணமிட்டு உட்கார்ந்து ஏதோ எழுதிக் கொண்டிருந்தாள். ஆறாம் வகுப்புப் படிக்கும் குழந்தை. பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறைய நொய்க் கஞ்சி. தொட்டுக்கொள்ள ஒரு துண்டு உப்பு நார்த்தங்காய். கஞ்சியை ஒரு வாய் குடிப்பதும் இரண்டு வரி எழுதுவதுமாக இருந்தாள்.

"என்ன அம்மா எழுதுகிறாய்?" என்று நோட்டுப் புத்தகத்தை எட்டிப் பார்த்தேன். 'நான் காலையில் உண்ணும் உணவு' என்பது பற்றி ஆங்கிலத்தில் ஒரு வியாசம். ரொட்டி, வெண்ணெய், ஜாம், பாதி வெந்த முட்டை எல்லாம் அதில் அமர்க்களமாக வந்திருந்தன. அந்த வீட்டுக்குள் முட்டை நுழைந்ததே கிடையாது!

"கஞ்சியைக் காணோமே?" என்றேன்.

குழந்தை தலையைக் குனிந்து கொண்டாள். முந்தின வாரம் கஞ்சி என்றுதான் எழுதியிருந்தாளாம். உபாத்தியாயினி அந்தச் சொல்லைச் சிவப்பு மையினால் அடித்து, 'இது இங்கிலீஷ் அல்ல' என்று ஓரத்தில் எழுதிவிட்டாராம். வகுப்பே சிரித்ததாம்.

எனக்கு இரண்டு விதத்தில் வருத்தம் உண்டாயிற்று. ஒரு பாஷையைக் கற்பதற்காகக் குழந்தை தன் வீட்டு அடுப்பங்கரையைப் பற்றிப் பொய் சொல்ல நேர்ந்ததே என்பது ஒன்று. மற்றொன்று, கஞ்சி என்பது இங்கிலீஷ்தான்!

ஆம், நேயர்களே! ஆங்கில அகராதியைப் புரட்டினால் 'காஞ்ஜி' என்ற சொல் கம்பீரமாக வீற்றிருப்பதைக் காணலாம். தமிழ்க் கஞ்சிதான் அதற்கு மூலம் என்றும், போர்த்துக்கீசியர் வாய்வழியாக அது அங்கே போய்ச் சேர்ந்தது என்றும் அகராதிக்காரர்களே ஒப்புக் கொள்கிறார்கள். கர்னல் ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஆர்தர் பர்னெலும் சேர்ந்து தொகுத்த 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' என்ற அகராதி 1886-ல் வெளியாயிற்று. பாவம், பர்னெல் அதற்கு நான்கு வருஷம் முன்பே காலமாகிவிட்டார். அதில் 'காஞ்ஜி ஹவுஸ்' என்று ஒரு சொல் காணப்படுகிறது. வெள்ளைக்காரப் பட்டாளத்தில் குற்றம் செய்த சிப்பாய்களை அடைத்து வைக்கும் அறைக்கு அந்தப் பெயர். அங்கே கிடைத்த ஆகாரம் கஞ்சி! நம்மை ஆள வந்தவர்கள் தங்கள் சிறைக்கே நம் கஞ்சியின் பெயரைச் சூட்டியிருக்க, நம் குழந்தை அதை எழுதக் கூசுவானேன்?

கஞ்சி மட்டும் தனியாகப் போகவில்லை. மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆயிற்று. போன இடத்தில் அதற்கு மாமிசமும் ஆப்பிளும் துணை சேர்ந்து, இப்போது நாம் பார்த்தால் நம் ரசம் என்று அடையாளமே தெரியாது. சென்னை ராஜதானியில் உத்தியோகம் பார்த்த துரைமார்களுக்கு இதை வைத்து 'மல்' என்றே ஒரு பட்டப் பெயர் வழங்கியது. கறி 'கரி' ஆனது எல்லோருக்கும் தெரியும். இந்தியாவையே பாராத ஹன்னா கிளாஸ் என்ற ஆங்கில மாது 1747-ல் எழுதிய சமையல் புத்தகத்தில் கறி செய்யும் முறையைச் சேர்த்திருக்கிறாள். மாங்காய், 'மேங்கோ' ஆயிற்று. ஆங்கிலம் என்ற வீட்டுக்கு நாம் வெறுங்கையோடு வந்த விருந்தாளிகள் அல்ல, சீரோடு வந்தவர்கள்.

"வா, கஞ்சியிலிருந்தே ஆரம்பிக்கலாம்" என்று குழந்தையின் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.

வியாசத்தில் அவள், பாலை 'ஈட்' செய்தேன் என்று எழுதியிருந்தாள். தவறுதான். ஆனால் இந்தத் தவற்றின் வேர் நம் வீட்டுப் பேச்சிலே இருக்கிறது. சோறும் சாப்பிடுகிறோம், காப்பியும் சாப்பிடுகிறோம், ஜுரம் வந்தால் மருந்தும் சாப்பிடுகிறோம். ஆங்கிலேயன் சோற்றுக்கு 'ஈட்' என்பான், காப்பிக்கு 'டிரிங்க்' என்பான், மருந்துக்கு 'டேக்' என்பான். ஸூப்பைக் கரண்டியால் எடுத்து அருந்தினால் 'ஈட்'. கோப்பையில் வாய் வைத்தால் 'டிரிங்க்'! இது என்ன வீண் நுட்பம் என்று தோன்றலாம். நம் தொல்காப்பியர் இதை என்றைக்கோ யோசித்துவிட்டார். உண்பது, தின்பது, பருகுவது, நக்குவது என்ற நான்குக்கும் பொதுவான 'அடிசில்' போன்ற சொல்லோடு, தின்றார் என்றோ பருகினார் என்றோ ஒரு வினையை மட்டும் சேர்க்கலாகாது என்று சொல்லதிகாரத்துக்கு உரை கண்டவர்கள் விளக்குகிறார்கள். ஆகவே குழந்தைக்குத் தெரியாமல் போனது ஆங்கில இலக்கணம் மட்டும் அல்ல.

அப்போது சமையலறையிலிருந்து ஒரு கூக்குரல் கேட்டது.

"ஐயையோ! பால் பொங்கிவிட்டது!"

என் தமக்கை துணியும் கையுமாக அடுப்பைத் துடைக்கத் தொடங்கினாள். எனக்கோ உற்சாகம் பிறந்துவிட்டது. இதைவிட நல்ல இலக்கணப் பாடம் எங்கே கிடைக்கும்? 'பொங்கியது' என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு வினை வடிவம். 'பொங்கிவிட்டது' என்பதற்கு 'ஹாஸ்' சேர்ந்த வேறு வடிவம். அடுப்பில் இன்னும் பால் வழிந்து கொண்டிருக்கிறது, பாட்டியின் முகத்தில் இன்னும் கோபம் இருக்கிறது என்றால் 'ஹாஸ்' போடலாம். 'நேற்று' என்ற சொல் வந்துவிட்டாலோ அந்த 'ஹாஸ்' ஓடிப்போக வேண்டியதுதான். தமிழில், 'நேற்றுப் பால் பொங்கிவிட்டது' என்று தாராளமாகச் சொல்கிறோம். அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டு போவதால்தான், பட்டம் பெற்றவர்கள்கூட இந்த இடத்தில் சறுக்குகிறார்கள்.

"இரண்டு ஆழாக்குப் பால் போச்சு, உனக்கு இலக்கணம் கேட்கிறதா, தம்பி?" என்றாள் தமக்கை.

குழந்தைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிறகு அவளே கேள்விகளை அடுக்கத் தொடங்கினாள். நெல், அரிசி, சோறு மூன்றுக்கும் இங்கிலீஷ் என்ன? நெல்லுக்கு 'பாடி' என்று மலாய் பாஷையிலிருந்து கடன் வாங்கியிருக்கிறார்கள்; மற்ற இரண்டுக்கும் 'ரைஸ்' ஒன்றுதான். பச்சையாக இருந்தாலும் வெந்தாலும் அவர்களுக்கு ஒரே பெயர்! அந்த 'ரைஸ்' எண்ணில் அடங்காத பெயர். 'ஒரு ரைஸ்' என்பது பிழை. 'பீன்ஸ்' என்பதோ பன்மை. நாம் கடையில் அதை ஒருமையாக்கி வாங்குகிறோம்.

இதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. இங்கிலீஷ்காரர்களே பட்டாணி விஷயத்தில் ஏமாந்தவர்கள். பழைய ஆங்கிலத்தில் 'பீஸ்' என்பதே பட்டாணிக்கு ஒருமைப் பெயர். ஈற்றிலுள்ள ஓசையைப் பன்மை விகுதி என்று ஜனங்கள் நினைத்து, அதை வெட்டி 'பீ' என்று புதிதாக ஓர் ஒருமையைச் செய்துவிட்டார்கள். சமையற்காரர் இடுப்பில் கட்டும் துணி முற்காலத்தில் 'நாப்ரன்'. முன்னால் வரும் 'எ' என்ற சிறு சொல்லோடு நகரம் ஒட்டிக் கொண்டதால், துணி 'ஏப்ரன்' ஆகிவிட்டது. பிழை செய்தவர்கள் பலராயிருந்தால் அதுவே இலக்கணம்!

இன்னொன்றும் சொன்னேன். ஆடு மேயும்போது 'ஷீப்'. தட்டில் வரும்போது 'மட்டன்'. முன்னது பழைய ஆங்கிலம், பின்னது பிரெஞ்சு. 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு, மேய்த்தவன் ஒரு பாஷை பேசினான், உண்டவன் வேறு பாஷை பேசினான். ஸர் வால்ட்டர் ஸ்காட் 1819-ல் வெளியிட்ட 'ஐவன்ஹோ' நாவலில் ஒரு விதூஷகன் வாயிலாக இதை வேடிக்கையாக எடுத்துக் காட்டுகிறார். அடிமைப்பட்ட ஜாதியின் பாஷை அடுப்பங்கரையில் என்ன பாடுபடும் என்பதை ஆங்கிலேயர்கள் நமக்கு நெடுங்காலம் முன்பே அறிந்தவர்கள்.

குழந்தை ரொட்டியையும் முட்டையையும் அடித்துவிட்டு வியாசத்தைப் புதிதாக எழுதினாள். கிண்ணத்தில் வாய் வைத்துக் குடித்ததால் கஞ்சிக்கு 'டிரிங்க்' போட்டாள், நார்த்தங்காய்க்கு 'ஈட்'. அடியில், அகராதியில் கஞ்சி இருக்கும் இடத்தையும் சிறு எழுத்தில் குறித்துக் கொண்டாள்.

"தாத்தா, தாளிப்பதற்கு இங்கிலீஷ் என்ன?"

நான் யோசித்தேன். 'ஃப்ரை' என்றால் வறுப்பதும் அதுதான், பொரிப்பதும் அதுதான். 'டெம்பர்' என்று நம் நாட்டு ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். சீமையிலே பிறந்தவனுக்கு அது எஃகைப் பதப்படுத்துவதாகவோ கோபமாகவோதான் படும்.

"அவர்களிடம் சரியான சொல் இல்லை, அம்மா" என்றேன்.

"அப்படியானால் தாளிப்பு என்றே எழுதிவிடட்டுமா?" என்று கேட்டாள்.

உள்ளேயிருந்து கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டது.