கார் கதவும் சைக்கிளும்

கரையாம்புத்தூர் கடைத்தெருவில் ஓரமாக ஒரு கார் நிற்கிறது. அதை ஒட்டி, கேரியரில் புத்தகப்பையோடு சைக்கிளில் வருகிறாள் ஒரு மாணவி. அந்த நொடியில் ஓட்டுநர் கதவைத் திறந்தால்?

மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்குச் சுமார் 4 மீட்டர். பிரேக்கைத் தொடுவதற்குள் கதவு வந்துவிடும். கதவில் மோதுவதைவிட, நிலைதடுமாறி நடுச்சாலையில் விழுவதுதான் பெரிய ஆபத்து. பின்னால் பேருந்தோ லாரியோ வரலாம்.

இதற்கு நெதர்லாந்தின் பெயரால் அறியப்படும் எளிய பழக்கம் ஒன்று உண்டு. கதவுக்கு அருகிலுள்ள கையை விட்டு, மறு கையால் திறப்பது. நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால், இடக் கையை நீட்ட வேண்டும். அப்போது உடல் தானாகத் திரும்பும். கண்ணாடி கண்ணில் படும்; பின்னால் வருபவரும் தெரிவார். பிரிட்டன் 2022 ஜனவரியில் தன் சாலை விதிநூலிலேயே இதைச் சேர்த்தது.

பின்னிருக்கையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். குழந்தைகள் அவசரமாக இறங்கும் பள்ளி வாசலில் இன்னும் கூடுதலாக.

சைக்கிளில் செல்வோரே, நிற்கும் காரிலிருந்து ஒரு கதவின் அகலமாவது, சுமார் ஒரு மீட்டர், தள்ளிச் செல்லுங்கள். காரில் வருவோரே, இன்று இறங்கும்போதே மறு கையைப் பழக்குங்கள்.