எதற்கு இந்த ஜிஏடிஏ?

பாம்புகளில் ஆண், பெண் எப்படிப் பிரிகிறது என்று ஆராயப் போனவர் மரபியல் விஞ்ஞானி லால்ஜி சிங். பெண் பாம்புக்கு மட்டுமே உள்ள டபிள்யூ குரோமோசோமில் ஒரே மாதிரியான டிஎன்ஏ துண்டு மண்டிக் கிடந்தது. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட கட்டுவிரியனில் கிடைத்ததால், அந்தப் பாம்பின் ஆங்கிலப் பெயரை வைத்து அதை பிகேஎம் என்றார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தால் ஜிஏடிஏ, ஜிஏடிஏ, ஜிஏடிஏ என்று நீண்டுகொண்டே போகிறது. எந்தப் புரதத்துக்கும் அது செய்முறைக் குறிப்பு அல்ல.

பிறகு எதற்கு இருக்கிறது? இதயம் ரத்தத்தை இறைக்க, சிறுநீரகம் வடிகட்ட என்று படித்து வளர்ந்தவர்கள் இப்படித்தான் கேட்போம். மனித டிஎன்ஏவின் சுமார் 300 கோடி எழுத்துகளில் புரதம் செய்யச் சொல்பவை 2 சதவீதம்கூட இல்லை. மீதியில் பெரும்பகுதி குப்பை என்று 1972-லேயே எழுதிவிட்டார் மரபியலாளர் சுசுமு ஓனோ. 2012-ல் 'என்கோட்' என்ற பெரிய ஆய்வுத் திட்டம், 80 சதவீதம் ஏதோ ஒரு செயலில் ஈடுபடுகிறது என்று அறிவித்ததும் சண்டை மூண்டது. நான் குப்பைக் கட்சி. காரணம் வெங்காயம். அதன் டிஎன்ஏ நம்முடையதைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு நீளம். அத்தனையும் தேவைக்குத்தான் என்றால் நம்ப முடிகிறதா?

வேலையில்லாத எழுத்துகளுக்கு ஒரு சலுகை உண்டு. புரதக் குறிப்பில் எழுத்து பிசகினால் உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் அந்தப் பகுதிகள் மனிதருக்கு மனிதர் அதிகம் மாறுவதில்லை. ஜிஏடிஏ ஓரிடத்தில் பத்து முறை வந்தாலும் பதினைந்து முறை வந்தாலும் பெரும்பாலும் உடம்பு கண்டுகொள்வதில்லை. ஆளுக்கு ஆள் எண்ணிக்கை வேறுபடுவது அதனால்தான். இந்தத் தொடர்களில் பாதி தாயிடமிருந்து, பாதி தந்தையிடமிருந்து வருகிறது.

1984-ல் இங்கிலாந்தின் லெஸ்டரில் விஞ்ஞானி அலெக் ஜெஃப்ரீஸ், இப்படி ஆளுக்கு ஆள் மாறும் வேறொரு தொடரை வைத்து, ஆளை அடையாளம் காட்டும் டிஎன்ஏ கைரேகையைக் கண்டுபிடித்தார். ஐதராபாத்தின் உப்பல் சாலையில் உள்ள சிசிஎம்பி ஆய்வு மையத்துக்கு 1987-ல் வந்த லால்ஜி சிங், அடுத்த ஆண்டே கட்டுவிரியனின் தொடரைக் கொண்டு அதைச் சாதித்தார். டிஎன்ஏவை நொதியால் வெட்டி, மின்சாரத்தால் ஜெல்லில் ஓடவிட்டால் சின்னத் துண்டுகள் முந்தும், பெரியவை பிந்தும். கதிரியக்கம் ஏற்றிய பிகேஎம் துண்டு, தன் ஜோடித் தொடர் இருக்குமிடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். எக்ஸ்ரே பிலிமில் கறுப்புக் கோடுகள் விழும். அந்த வரிசை ஆளுக்கொரு விதம்.

தலச்சேரியில் ஒரு குழந்தையின் தந்தை யார் என்ற வழக்கு இந்தக் கோடுகளால் தீர்ந்தது. சிசிஎம்பியை 1987 நவம்பரில் நாட்டுக்கு அர்ப்பணித்தவர் ராஜீவ் காந்தி. 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் அவரைக் கொன்ற பெண்ணின் சிதறிய உடலை அடையாளம் காணும் சோதனையும் லால்ஜி சிங்கிடமே வந்து சேர்ந்தது.

ஜிஏடிஏ வெறும் குப்பை என்று லால்ஜி சிங் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. 2013-ல் அதே சிசிஎம்பியில் ராகேஷ் மிஸ்ராவின் குழு, ஒரு மரபணுவைத் தூண்டும் சமிக்ஞை பக்கத்து மரபணுவுக்குப் பரவாமல் ஜிஏடிஏ தொடர்கள் தடுக்கக்கூடும் என்று காட்டியது. அதற்காகவே அவை உண்டாகின என்று சொல்ல முடியாது. டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதி வழுக்கி, ஒரே எழுத்துகளை மறுபடி எழுதுவதால் இப்படிப்பட்ட தொடர்கள் நீள்கின்றன. வேலை கிடைத்தது பிற்பாடு, அதுவும் சில இடங்களில் மட்டும்.