ஆறாயிரம் ரூபாயும் ஒரு பழைய டெம்போவும்

தாராவி தொண்ணூறடி ரோட்டில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு டீ குடிக்கிறவர்களில் வண்டிக்காரர்கள் நிறைய. வாஷி மார்க்கெட்டில் காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பியவர்கள், தோல் பை ஏற்றிக்கொண்டு கிளம்பப் போகிறவர்கள். போன மாதம் அங்கேதான் ஒரு தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணாச்சி, வண்டிக்கு ஒரு செட் மாட்டணும். கையில ஆறாயிரம் இருக்கு. என்ன வாங்கட்டும்?" என்று கேட்டான். வண்டி டாடா 407. அவன் அப்பா ஓட்டிய வண்டி. டேஷ்போர்டில் பழைய கேசட் டெக் இருந்த ஓட்டையும், அதிலிருந்து தொங்கும் நாலு கம்பியும்தான் மிச்சம்.

இரண்டு கட்டிங் சாய் குடித்து முடிப்பதற்குள் அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஆறாயிரம் தாராளமாகப் போதும். ஆனால் அதில் ஆயிரத்தை வயர், ஃபியூஸ், வயர் முனையில் நசுக்கிப் போடும் லக், பலகை என்று யாருக்கும் காட்டிப் பெருமைப்பட முடியாத சாமான்களுக்கு முதலிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். பழைய வண்டியில் பாட்டு நன்றாகக் கேட்பதும் கேட்காததும் அந்த ஆயிரத்தில்தான் இருக்கிறது.

முதலில் அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் வாட் கணக்கு. "50 வாட் x 4" என்று போட்டிருப்பார்கள். இந்த 50 எங்கிருந்து வருகிறது? இஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் சுமார் 14.4 வோல்ட் இருக்கும். ஸ்பீக்கர் 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கினால் 207. நாலால் வகுத்தால் 52. அவ்வளவுதான் ரகசியம். வால்யூமை முழுக்கத் திறந்து, பாட்டின் அலை மேலும் கீழும் வெட்டுப்பட்டுச் சதுரமாக நசுங்கும்போது கிடைக்கும் கணக்கு அது. அலை வெட்டுப்படாமல் ஒழுங்காக வரும்போது அதில் பாதி, 26. உள்ளே இருக்கும் ஐ.சி. தன் பங்கைத் தின்றது போக 18 முதல் 20 வாட் வரை கைக்கு வரும். நல்ல கம்பெனி செட்டிலும் இதே கதைதான். அதனால் "ஆர்.எம்.எஸ்." என்று எழுதியிருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள். "பி.எம்.பி.ஓ." என்று ஆயிரக்கணக்கில் எழுதியிருந்தால் அதைப் படிக்கவே வேண்டாம். அந்த எண்ணுக்குப் பின்னால் எந்த அளவுகோலும் கிடையாது.

20 வாட் போதுமா என்று தம்பி கேட்டான். ஒரு டெம்போ கேபினுக்கு அது நிறைய. ஸ்பீக்கரைச் சரியாகப் பொறுக்கினால் போதும். ஸ்பீக்கர் அட்டையில் "சென்சிடிவிட்டி" என்று டெசிபல் கணக்கு ஒன்று இருக்கும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எவ்வளவு சத்தம் கேட்கும் என்பதுதான் அது. ஒன்றில் 89 என்றும் இன்னொன்றில் 92 என்றும் போட்டிருந்தால் 92-ஐ எடுங்கள். 3 டெசிபல் கூடுவது, செட்டின் பவரை இரண்டு மடங்காக்குவதற்குச் சமம். தனி ஆம்ப் வாங்கும் காசு அங்கேயே மிச்சமாகிவிடுகிறது. குர்லாவிலிருந்து கலினா போகும் சி.எஸ்.டி. ரோட்டுக் கடைகளில் கழற்றி விற்கும் பழைய கம்பெனி செட், பெயர் தெரியாத புது செட்டைவிடப் பல நேரம் மேல். கடையிலேயே பேட்டரியில் இணைத்து, நாலு சேனலும் பாடுகிறதா, யு.எஸ்.பி. வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். செட்டோடு வரும் சாக்கெட்டையும் வயரையும் கேட்டு வாங்குங்கள். அதில்லாமல் வீட்டுக்கு வந்தால் அலைச்சல்.

பழைய வண்டிக்கென்றே ஒரு ஆபத்து இருக்கிறது. அந்தக் காலத்து டெக்குகள் பலவற்றில் ஸ்பீக்கரின் ஒரு கம்பி நேராக வண்டியின் பாடியில் எர்த் ஆகியிருக்கும். இரண்டு ஸ்பீக்கருக்கும் சேர்த்து மூன்றே கம்பி ஓடும். இப்போதைய செட் அப்படி இல்லை. ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு கம்பியிலும் உயிர் இருக்கிறது, ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது. அதனால்தான் தனி ஆம்ப் இல்லாமலே இத்தனை வாட் கிடைக்கிறது. இதில் ஒரு கம்பி பாடியைத் தொட்டால் ஐ.சி. போய்விடும். "பழைய வயரே கிடக்கே, அதுலயே சேர்த்துடலாமே" என்று தம்பி கேட்டதற்கு, அதை முழுக்க உருவிப் போடு என்றேன். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக இரட்டை வயர் புதிதாக இழுக்க வேண்டும்.

வயர் நிறங்கள் பெரும்பாலான செட்டில் ஒன்றுதான். மஞ்சள் நேராக பேட்டரிக்கு. சிவப்பு இக்னிஷன் சாவிக்கு. கறுப்பு எர்த். முன்பக்க இடது ஸ்பீக்கருக்கு வெள்ளை, வலதுக்குச் சாம்பல். பின்பக்கத்துக்குப் பச்சையும் வயலட்டும். கறுப்புக் கோடு போட்டது அந்தந்த ஸ்பீக்கரின் மைனஸ். இரண்டே ஸ்பீக்கர் என்றால் பச்சை, வயலட் முனைகளைத் தனித்தனியாக ஸ்லீவ் போட்டு மூடிவிடுங்கள். அவசரத்துக்கு மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கிவிடுகிற பழக்கம் ஒன்று உண்டு. செட்டை அணைக்க மறந்த அன்றைக்கு அது இரவெல்லாம் பேட்டரியைக் குடிக்கும். காலையில் வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டிவரும்.

407-இல் பொதுவாக 12 வோல்ட். பெரிய லாரி, பஸ் என்றால் இரண்டு பேட்டரி தொடராக, 24 வோல்ட். அங்கே 12 வோல்ட் செட்டுக்காக ஒரே ஒரு பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்துவிடுவார்கள். பாட்டு பாடும். ஆனால் அந்த பேட்டரி நாளுக்கு நாள் காலியாக, கூட இருப்பது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகி, சில மாதங்களில் ஜோடியே கெட்டுப்போகும். 24-ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் ஒன்று வாங்குவது இரண்டு பேட்டரியின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

எர்த்துக்கு வருவோம். டேஷ்போர்டில் ஏதோ ஒரு திருகில் கறுப்பு வயரைச் சுற்றிவிடக் கூடாது. மும்பை மழையிலும் உப்புக் காற்றிலும் பழைய வண்டியின் தகடு பெயின்ட்டுக்குக் கீழே துருவாகத்தான் இருக்கும். உப்புத்தாள் வைத்து வெள்ளித் தகடு தெரியும்வரை தேயுங்கள். லக் வைத்து, பல் வாஷர் போட்டு முறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லைன் தடவுங்கள். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ஙொய்ய்' என்று ஒரு சத்தம் ஏறிக்கொண்டே போனால், செட்டைக் குறை சொல்லுமுன் முதலில் இந்த எர்த்தைப் பாருங்கள். டைனமோவின் இரைச்சல் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது. இணைப்புகளை வெறுமனே முறுக்கி டேப் ஒட்டினால் 407-இன் குலுக்கலில் நிற்காது. லக் போட்டு நன்றாக நசுக்கி, மேலே ஸ்லீவ் சுட்டுவிடுங்கள்.

இனி பலகை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கிறது. முன்பக்க அலையும் பின்பக்க அலையும் சந்தித்தால் ஒன்றையொன்று தின்றுவிடும், அதிலும் முதலில் போவது பேஸ். வெறும் கையில் ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் போட்டுப் பாருங்கள், கொசு பாடுவது போல இருக்கும். அதே ஸ்பீக்கரை ஓட்டை வெட்டிய ஒரு பெரிய அட்டையில் அமுக்கிப் பிடித்தால் தபேலா வந்து உட்காரும். தம்பிக்கு டீக்கடை வாசலிலேயே ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியைக் கிழித்து இதைக் காட்டினேன். அவன் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே! அதனால் கதவுத் தகட்டில் நேராகத் திருகாமல், 12 மி.மீ. மரைன் ப்ளையில் வளையம் வெட்டி, சுற்றிலும் ஃபோம் ஒட்டி, இடுக்கு இல்லாமல் இறுக்க வேண்டும். கதவின் வெளித்தகட்டை உள்பக்கமிருந்து விரலால் தட்டினால் 'டங்' என்று கேட்கும். ஒழுகல் அடைக்க ஹார்டுவேர் கடையில் விற்கும் அலுமினியம் பூசிய பியூட்டைல் டேப்பை அங்கங்கே ஒட்டிவிட்டுத் தட்டுங்கள். 'டப்' என்று அடங்கிவிடும். கதவுக்கு அடியில் மழைத்தண்ணீர் வடியும் ஓட்டைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

எல்லாம் மாட்டிய பிறகும் பேஸ் வரவில்லையா? ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கும். சாக்கெட்டைச் செட்டிலிருந்து கழற்றிவிட்டு, சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் செல்லை எடுத்து அந்த வயர் முனைகளில் ஒரு கணம் தொடுங்கள். செல்லின் பிளஸ், ஸ்பீக்கர் பிளஸ்ஸில் பட்டால் கூம்பு வெளியே எட்டிப் பார்க்கும். மாறிப் பட்டால் உள்ளே போகும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் அசைய வேண்டும், அவ்வளவுதான். செட் மாட்டியபின் பார்த்தபோது தம்பி வண்டியில் வலது பக்கம் மாறியிருந்தது. மாற்றிப் போட்டுவிட்டு 'நாயகன்' படப் பாட்டு ஒன்றைப் போட்டோம். 1987-இல் வந்த படம், அவன் பிறப்பதற்கு முன்னால். இளையராஜாவின் பேஸ் கிடாரைத் தனியாகப் பின்தொடர்ந்து கேட்க முடிந்தது. "இந்தப் பாட்டுல இது இருந்துச்சா அண்ணாச்சி?" என்றான். அப்பாவின் டெக்கில் அதைக் கேட்டே வளர்ந்தவன்.

வால்யூமை முக்கால் வரைக்கும் வையுங்கள். அதற்கு மேல் அலை வெட்டுப்படும், முதலில் எரிவது ட்வீட்டர், அதாவது கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர். காதுக்கும் ஒரு கணக்கு உண்டு. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது தொழில் சுகாதாரத்துறையில் புழங்கும் அளவு. 88 ஆனால் நாலு மணி நேரம், 91 ஆனால் இரண்டு. 407-இல் இஞ்சின் கேபினுக்குள்ளேயே பாதி நீட்டிக்கொண்டிருக்கிறது, அதன் இரைச்சலும் இந்தக் கணக்கில் சேரும். பின்னால் வரும் ஆம்புலன்ஸின் சைரன் காதில் விழ வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கடைசியாக, நான் கண்ணால் பார்த்தது. சில வருடங்களுக்கு முன் செம்பூரில் ஒரு வண்டியைத் திறந்தேன். பேட்டரியிலிருந்து செட்டுக்குப் போன வயர் இரும்புத் தகட்டின் ஓட்டை வழியாக ரப்பர் வாஷர் இல்லாமல் போயிருந்தது. குலுங்கிக் குலுங்கித் தகடு வயரை அறுத்து, மூன்றடி நீளத்துக்கு மேலுறை உருகிக் கரியாகி ஒட்டியிருந்தது. செட்டின் பின்னால் ஃபியூஸ் இருந்தது, ஆனால் வயர் அறுபட்டது அதற்கு முன்னால். பேட்டரிப் பக்கம் ஃபியூஸே இல்லை. டிரைவர் முந்தின நாள் இரவு அந்த வண்டியில்தான் தூங்கியிருக்கிறார்.

உங்கள் வண்டியில் செட் ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்தாலும் சரி, இன்றைக்கு ஒருமுறை பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். பாசிட்டிவ் முனையிலிருந்து அரை அடிக்குள் ஒரு 15 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டும். இல்லையென்றால், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, முதலில் அதைப் போடுங்கள்.